வெடித்த கோவா, வாடிய லீக்ஸ், உப்புப்பட்ட அட்டை

வாசகர் கேள்வி – பதில்

தாவரக் கலம் தன்னைச் சூழ்ந்த மென்சவ்வு வழியே நீரை எடுப்பதையும் இழப்பதையும் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நமது இலங்கைப் பாடநூல்கள் இதைப் பிரசாரணம் என்கின்றன. தமிழ்நாட்டில் சவ்வூடு பரவல் என்பார்கள். இரண்டும் ஒன்றே.

கந்தப்பளை, மரக்கறித் தோட்டக்காரர்: லீக்ஸ் பாத்திக்கு யூரியாவும் எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்டு) உரமும் கலந்து வரிசை அடியிலேயே போட்டேன். ஓர் அடி நீளத்துக்கு ஒரு மேசைக்கரண்டி விழுந்திருக்கும். மழை இல்லை. நாலாம் நாள் இலை நுனி காய்ந்து செடி துவண்டுவிட்டது. மண்ணைத் தோண்டினால் ஈரம் இருக்கிறது. ஈரம் இருந்தும் ஏன் வாடுகிறது?

ஈரம் இருக்கிறது, ஆனால் அந்த நீரை வேரால் எடுக்க முடியவில்லை. மண் நீரில் கரைந்திருப்பதைவிட வேர்மயிரின் கலச்சாற்றில் அதிகம் கரைந்திருப்பதால்தான் வழக்கமாக நீர் உள்ளே போகிறது. நீங்கள் போட்ட உரம் அந்த நிலைமையைத் தலைகீழாக்கிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 கிராம் யூரியா, வேரைச் சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் கால் லீற்றர் நீரில் கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரைசலின் பிரசாரண அமுக்கம், அதாவது அது நீரை இழுத்துப் பிடிக்கும் வலு, ஏறக்குறைய 1900 கிலோபஸ்கால் (அமுக்கத்தை அளக்கும் அலகு). அதே 12 கிராம் எம்.ஓ.பி. என்றால் 3000-ஐ நெருங்கும், ஏனென்றால் அந்த உப்பு நீரில் இரண்டு அயன்களாகப் பிரிகிறது. மண் காய்ந்து காய்ந்து 1500 கிலோபஸ்கால் அளவுக்கு நீரை இறுக்கிப் பிடிக்கும்போது, பெரும்பாலான பயிர்கள் இரவிலும் தலைநிமிராமல் வாடிவிடும். அதை நிலையான வாடற் புள்ளி என்பார்கள். உங்கள் பாத்தியில் உரம் விழுந்த கோடு, ஈரம் இருக்கும்போதே அந்தப் புள்ளியைக் கடந்துவிட்டது. நிறைக்கு நிறை பார்த்தால் யூரியாவைவிட எம்.ஓ.பி. கடுமையானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. யூரியாவில் வேறொரு கெடுதல் உண்டு: மண்ணில் அது அமோனியாவாக மாறும்போது இளம் வேர் நேரடியாகவே கருகும். உங்கள் பாத்தியில் இரண்டும் சேர்ந்து நடந்திருக்கும்.

இன்றே செய்ய வேண்டியது: மேலே தெரியும் குருணையை மண்ணோடு சேர்த்து வழித்து அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒரு சதுர மீற்றருக்குப் 10 லீற்றர் கணக்கில் மெதுவாக நீர் ஊற்றி வடியவிடுங்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை, மறுநாள் மற்றொரு தடவை. வடிகாண் அடைத்திருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும். வடியாமல் தேங்கினால் உப்பு எங்கும் போகாது, வேரும் மூச்சு முட்டி அழுகும். "செடி சோர்ந்துவிட்டது, கொஞ்சம் சத்துக் கொடுப்போம்" என்று இலைவழி உரம் அடித்துவிடாதீர்கள். நடுக்குருத்து பச்சையாக இருந்தால் செடி மீளும். காய்ந்த நுனி திரும்பப் பச்சையாகாது.

அடுத்த முறை வரிசையிலிருந்து நான்கு விரல் தள்ளிச் சிறு கீறல் போட்டு, அதில் உரத்தை இட்டு மண்ணால் மூடி, உடனே நீர் பாய்ச்சுங்கள். விவசாயத் திணைக்களத்தின் பரிந்துரை அளவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். மக்காத கோழி எருவும் இதே வேலையைச் செய்யும். அது இயற்கை உரமாயிற்றே என்று நம்பி நாற்று அடியில் குவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் உருளைக்கிழங்கு, தக்காளிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈர மண்ணில் செடி வாடினால் காரணம் உரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தண்டின் அடிப்பகுதியை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். அங்கே நீர் ஏறும் காழ்க் குழாய்களே அடைபட்டிருக்கின்றன. எவ்வளவு நீர் ஊற்றினாலும் பயனில்லை, அந்தச் செடியைப் பிடுங்கி அகற்ற வேண்டும்.

பண்டாரவளை, ஆசிரியை: நீர் எப்போதும் செறிவு குறைந்த கலத்திலிருந்து செறிவு கூடிய கலத்துக்குப் போகும் என்று தரம் 10-இல் சொல்லிக்கொடுக்கிறோம். உயர்தரத்தில் அது போதாது என்கிறார்கள். எது சரி?

தனியே இரண்டு கரைசல்கள் மென்சவ்வின் இருபுறமும் இருந்தால் தரம் 10-இல் சொல்வது சரி. கலச்சுவர் உள்ள தாவரக் கலங்களுக்கு அது பல நேரம் பிழையாகிவிடும். கலத்துக்குள் நீர் புகப் புகப் புன்வெற்றிடம் (கலத்தினுள் சாறு நிறைந்த பை) வீங்கிச் சுவரைத் தள்ளுகிறது. விறைத்த சுவர் திருப்பித் தள்ளுகிறது. இந்த வீக்க அமுக்கம் புதிதாக வரும் நீருக்குத் தடையாக நிற்கிறது. ஆகவே நீர் எந்தப் பக்கம் போகும் என்று காட்டும் நீரழுத்தத்தை, கரையத்தால் வரும் பங்கையும் (கரைய அழுத்தம்) சுவர் அமுக்கத்தால் வரும் பங்கையும் (அமுக்க அழுத்தம்) கூட்டித்தான் காண வேண்டும்; நீர் அது கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும்.

ஒட்டியிருக்கும் இரண்டு கலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் கரைய அழுத்தம் −1200 கிலோபஸ்கால், அமுக்க அழுத்தம் 800. கூட்டினால் நீரழுத்தம் −400. இரண்டாவதில் −900-உம் 200-உம், கூட்டினால் −700. நீர் −400-இலிருந்து −700-க்குப் போகும். அதாவது செறிவு கூடிய கலத்திலிருந்து செறிவு குறைந்த கலத்துக்கு! மாணவர்கள் இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் தாங்களே செய்து பார்த்தால் போதும், பிறகு குழப்பம் வராது.

800 கிலோபஸ்கால் என்பது எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு காரின் டயரில் இருப்பது ஏறக்குறைய 200. கண்ணுக்குத் தெரியாத கலம் அதைப்போல் நான்கு மடங்கைச் சுவர் பலத்தால் தாங்கி நிற்கிறது. தூய நீரில் போட்டாலும் தாவரக் கலம் வெடிக்காமல் இருப்பதும் அதனால்தான். நீரழுத்தம் பூச்சியத்தைத் தொட்டதும் நீர் போவதும் வருவதும் சமமாகிவிடுகிறது.

ஹட்டன், உயர்தர உயிரியல் மாணவி: உருளைக்கிழங்குப் பரிசோதனையில் 0.3 மூலர் சுக்குரோசுக் கரைசலிலும் என் துண்டுகளின் நிறை கூடியது. தோழிக்கு அதே கிழங்கில் குறைந்தது. நான் 34.2 கிராம் சீனியை 100 மில்லிலீற்றர் நீரில் கரைத்து ஒரு மூலர் கரைசல் செய்து, அதை ஐதாக்கினேன். எங்கே பிழை?

பிழை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "100 மில்லிலீற்றர் நீரில்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மூலர் ஆக வேண்டுமென்றால் சீனியும் நீரும் சேர்ந்த கரைசலே 100 மில்லிலீற்றராக இருக்க வேண்டும். சீனியும் இடம் பிடிக்கும். 34.2 கிராம் சீனி கரைந்தபின் மொத்தக் கனவளவு 121 மில்லிலீற்றர் அளவுக்கு உயரும். அப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு மூலர் அல்ல, 0.83 மூலர். அதிலிருந்து செய்து 0.3 என்று ஒட்டிய குழாயில் உண்மையில் இருந்தது 0.25. கிழங்கின் சமநிலைப் புள்ளி (நிறை கூடாமலும் குறையாமலும் இருக்கும் செறிவு) இரண்டுக்கும் நடுவில் விழுந்திருந்தால் உங்களுக்கு நிறை கூடும், தோழிக்குக் குறையும். இருவர் கையும் சுத்தம், கரைசல்தான் வேறு.

சரியான முறை இது. சீனியை முதலில் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, முழுதும் கரைந்தபின் 100 மில்லிலீற்றர்க் கோடு வரை நீர் சேர்க்க வேண்டும். கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியே போதும், அது ஏறக்குறைய முழுக்கச் சுக்குரோசுதான். ஒவ்வொரு குழாயிலும் மொத்தம் 20 மில்லிலீற்றர் வரும்படி கலக்குங்கள்: 0.1-க்கு 2 மில்லிலீற்றர் மூலக்கரைசலும் (இந்த ஒரு மூலர் கரைசல்) 18 நீரும், 0.2-க்கு 4-உம் 16-உம், இப்படியே 0.6-க்கு 12-உம் 8-உம். தனி நீருக்கு ஒரு குழாய். 0-இலிருந்து 0.6 வரை ஏழு குழாய்களுக்கும் 42 மில்லிலீற்றர் மூலக்கரைசல் போதும்.

துண்டுகளை ஒரே கிழங்கிலிருந்து, தக்கைத் துளைகருவியால் எடுத்து, 5 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டுங்கள். தோல் ஒட்டியிருக்கக் கூடாது, ஏனென்றால் அதன் தக்கைப் படை நீரைத் தடுக்கும். வெட்டியதும் மூடி வையுங்கள். மேசையில் பத்து நிமிடம் கிடந்தாலே காய்ந்து, பிறகு எல்லாக் கரைசலிலும் நிறை கூடியதுபோல் காட்டும். முதலில் நிறுக்கும் முன் காகிதத்தில் ஒரு தடவை உருட்டுங்கள், ஊறியபின் மறுபடி நிறுக்கும் முன்னும் அதே ஒரு தடவை. பிழிந்து ஒற்றினால் கலச்சாறும் வரும். ஒற்றாமல் நிறுத்தால் மேற்பரப்பு நீரையும் சேர்த்து நிறுப்பீர்கள். உங்கள் பக்கத்துக் குளிரில் அரை மணி நேரம் போதாது, இரண்டு மணி நேரமாவது விடுங்கள். குழாய் வாயை மூடி வையுங்கள்.

நிறை மாற்றத்தைக் கிராமில் எழுதாமல் தொடக்க நிறையின் நூற்றுவீதமாகக் கணியுங்கள். வரைபில் கோடு பூச்சியத்தை வெட்டும் செறிவே விடை. அது 0.30 மூலர் என்றால், 20 பாகை செல்சியசில் கிழங்கு இழையத்தின் நீரழுத்தம் ஏறக்குறைய −730 கிலோபஸ்கால். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: நிறை முறையில் கிடைப்பது இழையத்தின் நீரழுத்தம். கரைய அழுத்தம் வேண்டுமானால் இரேயோ என்ற அழகுச் செடி இலையின் அடிப்புறத்து ஊதா மேற்றோலை உரித்து, நுணுக்குக்காட்டியில் பாதிக் கலங்கள் முதலுருச் சுருக்கத்தை (மென்சவ்வு சுவரைவிட்டு விலகுவதை) தொடங்கியிருக்கும் செறிவைத் தேட வேண்டும். அந்தக் கணத்தில் வீக்க அமுக்கம் பூச்சியம், ஆகவே இரண்டு அழுத்தங்களும் ஒன்றாகிவிடுகின்றன. சுருங்கிய கலத்தில் சுவருக்கும் மென்சவ்வுக்கும் இடையே இருப்பது என்ன என்று கேட்டால் "வெற்றிடம்" என்றோ "வளி" என்றோ எழுதிவிடாதீர்கள். கலச்சுவர் நீரையும் சீனியையும் தடுப்பதில்லை, வெளிக்கரைசல்தான் அங்கே நிறைந்திருக்கும்.

கிழங்கைப் பல நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தீர்களா என்றும் பாருங்கள். குளிரில் மாப்பொருள் வெல்லமாக மாறும், சமநிலைப் புள்ளி மேலே நகரும். பாடசாலையில் நுண்ணிய தராசு இல்லையென்றால் துண்டு துண்டாக நிறுக்க முயல வேண்டாம். 5 மில்லிமீற்றர்த் தடிப்பில் சீவிய 50 கிராம் கிழங்கை ஒவ்வொரு கிண்ணத்திலும் போட்டுக் கரைசலை அதற்கேற்பக் கூட்டிக்கொண்டால், 5 வீத மாற்றம் 2.5 கிராமாக வந்து சமையலறைத் தராசிலேயே தெரியும்.

பதுளை, இல்லத்தரசி: வல்லாரைச் சம்பல் செய்து அரை மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிடுகிறது. அதோடு, வாடிய கீரையைத் தண்ணீரில் போட்டால் சில நாள் நிமிர்கிறது, சில நாள் நிமிர்வதில்லை. ஏன்?

உப்பும் தேசிக்காய்ச் சாறும் அரிந்த இலையில் பட்டதும் வெளிக்கரைசல் கலச்சாற்றைவிடச் செறிந்துவிடுகிறது, நீர் வெளியே வருகிறது. அரிந்த வெட்டுவாயில் உடைந்த கலங்களின் சாறும் அதோடு சேர்கிறது. எவ்வளவு பொடியாக அரிகிறீர்களோ அவ்வளவுக்கு வெட்டுவாய் கூடும். வல்லாரை, தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய் எல்லாவற்றையும் கலந்து வைத்துக்கொண்டு, உப்பையும் தேசிக்காயையும் சோற்றுக்கு இருக்கும்போது சேருங்கள். கரட் சம்பலுக்கும் இதுவே.

வாடிய கீரையில் கலங்கள் நீரை இழந்து தளர்ந்திருக்கின்றன, மென்சவ்வு இன்னும் உயிரோடு இருக்கிறது. தண்டின் அடியை ஓர் அங்குலம் புதிதாக வெட்டி, குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் வைத்தால் நிமிரும். நிறம் கறுத்து, தொட்டால் வழுவழுப்பாக இருந்தால் மென்சவ்வு செத்துவிட்டது. பிரசாரணத்துக்கு உயிருள்ள மென்சவ்வு வேண்டும், அது போனபின் நீரைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. அந்தக் கீரையைச் சமைக்கவும் வேண்டாம்.

வெலிமடை, விவசாயி: கோவா (முட்டைக்கோஸ்) நன்றாக முற்றி வரும் நேரத்தில் பெருமழை பெய்தது. இரண்டு நாளில் பாதிக்குமேல் வெடித்துவிட்டது. நோயா?

நோயில்லை. வறண்ட நாட்களில் செடி கலச்சாற்றில் கரையங்களைச் சேர்த்து, கிடைக்கும் கொஞ்ச நீரைப் பிடிக்கப் பழகிவிடுகிறது. வெளி இலைகளும் முற்றி விறைத்துவிடுகின்றன. திடீரென்று மண் நிறைய நீர் வந்ததும் வேர் வேகமாக உறிஞ்சும், உள்ளே இருக்கும் இளம் இலைகள் வீங்கி வளரும். வெளி இலைகளால் அவற்றோடு சேர்ந்து விரிய முடியாது, கிழிகின்றன. மழை மூட்டத்தில் ஆவியுயிர்ப்பும் (இலையிலிருந்து நீர் ஆவியாவது) குறைந்திருப்பதால் உள்ளே போன நீர் வெளியேறுவதும் இல்லை. கரட் நீளவாக்கில் பிளப்பதும் இதே வகை.

வறண்ட காலத்தில் ஒழுங்கான இடைவெளியில் நீர் கொடுத்திருந்தால் பெருமளவு தப்பியிருக்கும். முற்றிய கோவாவைச் சந்தை விலைக்காகப் பாத்தியில் வைத்திருப்பதே பெரிய ஆபத்து. மழை வரும் அறிகுறி தெரிந்து, உடனே வெட்டவும் முடியாதென்றால், தலையை இரு கையாலும் பிடித்துக் கால் சுற்று திருகிவிடுங்கள். வேரில் ஒரு பகுதி அறுந்து உறிஞ்சுவது குறையும். சில நாள் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். வெட்டுவதைத் தள்ளிப்போடும் வழியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நுவரெலியா, தோட்டக்காரர்: தை, மாசியில் வெப்பமானி 3 பாகை காட்டும் இரவிலும் உருளைக்கிழங்கு இலை கருகுகிறது. இதிலும் பிரசாரணம் உண்டா?

உண்டு. முதலில் வெப்பமானி விடயம்: முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் இலை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை கூடுதலாகக் குளிரும். தலை உயரத்தில் 3 இருந்தாலும் பாத்தியில் இலை பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும்.

பனிக்கட்டி முதலில் கலத்துக்குள் அல்ல, கலங்களுக்கு இடையே உள்ள வெளிகளில் உருவாகிறது. பூச்சியத்துக்குக் கீழ் ஒவ்வொரு பாகைக்கும் பனிக்கட்டியின் நீரழுத்தம் ஏறக்குறைய 1200 கிலோபஸ்கால் வீதம் இறங்கும். −2 பாகையில் அது −2400. இலைக் கலத்தின் சாறு அதற்கு ஈடுகொடுக்காது. உள்ளிருந்து நீர் இழுபட்டு வெளியே பனிக்கட்டியாகச் சேர, கலம் கடும் வறட்சியில் சிக்கியதுபோல் சுருங்கும். மென்சவ்வு கிழிந்தால் வெயில் ஏறியதும் சாறு ஒழுகி, இலை வெந்நீரில் அமிழ்த்தியதுபோல் கருமையாகிவிடும்.

பகலிலேயே மண்ணை ஈரமாக்குங்கள், ஈர மண் கூடுதலான வெப்பத்தைப் பிடித்து வைத்து இரவில் விடும். மாலையில் சாக்கு, வைக்கோல், கிளை எதுவானாலும் மூடி, வெயில் வந்தபின் எடுங்கள். தூவல் நீர்ப்பாசனம் செய்வதானால் உறையும் முன் தொடங்கி, காலையில் இலையில் உள்ள பனிக்கட்டி முழுதும் உருகும் வரை நிறுத்தக் கூடாது. நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது. நடுவில் நிறுத்தினால் ஈர இலையிலிருந்து நீர் ஆவியாகி இன்னும் குளிரும், தூவாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். கருகிய செடியை மறுநாளே வெட்டாதீர்கள். கணுக்களில் துளிர் வருகிறதா என்று பார்த்த பிறகு வெட்டலாம்.

தலவாக்கலை, தரம் 8 மாணவன்: அட்டைமீது உப்புப் போட்டால் ஏன் சுருண்டு சாகிறது?

அட்டையின் ஈரத்தோலில் உப்புக் கரைந்து செறிந்த கரைசலாகிறது, உடலிலிருந்து நீர் வெளியே இழுபடுகிறது. விலங்குக் கலத்துக்குக் கலச்சுவர் கிடையாது, தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் கலம் முழுதும் சுருங்கிவிடும். காலில் கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமீது உப்புப் போடாதே தம்பி. அது உள்ளிருப்பதைக் காயத்தில் கக்கிவிடலாம். நகத்தை அதன் வாய்க்கும் தோலுக்கும் இடையே பக்கவாட்டில் செலுத்தி விலக்கு, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவு. மரக்கறிப் பாத்தி ஓரத்தில் அட்டைக்காக உப்புக் கொட்டவும் கூடாது. முதல் பதிலில் லீக்சுக்கு நடந்ததே அங்கேயும் நடக்கும்.

மஸ்கெலியா, தேயிலைத் தொழிற்சாலைப் பயிலுநர்: வாட்டுத் தட்டில் கொழுந்து வாடுவது பிரசாரணமா, ஆவியாதலா? சில நாள் கொழுந்து வாட்டும் முன்பே சிவந்து வருவது எதனால்?

இலையை விட்டு நீர் போவது ஆவியாகித்தான். இலைக்குள் ஒரு கலத்திலிருந்து பக்கத்துக் கலத்துக்கு நீர் நகர்ந்து வெளிப்புறத்தை அடைவதில் பிரசாரணம் இருக்கிறது. வெளிக்கலம் நீரை இழந்ததும் அதன் நீரழுத்தம் இறங்கும், உட்கலம் அதற்கு நீரைக் கொடுக்கும். பறித்தபின் இலைவாய்களும் மூடிக்கொள்வதால், மிச்ச நீர் மெழுகுத் தோல் வழியாக மெதுவாகத்தான் போகும். வாட்டலுக்குப் பல மணி நேரம் எடுப்பதற்கு அது ஒரு காரணம்.

எவ்வளவு நீர் போகிறது என்று கணக்கிடலாம். 78 வீதம் நீருள்ள 100 கிலோ கொழுந்தில் உலர் பொருள் 22 கிலோ. அதை 55 வீத ஈரத்துக்கு வாட்டினால் தட்டில் மிஞ்சுவது 49 கிலோ அளவு. மழையில் பறித்த கொழுந்தில் இலைமேல் ஒட்டிய நீர் முதலில் போக வேண்டும், அது போகும் வரை உள்நீர் அசையாது. சரியாக வாடிய கொழுந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறந்தால் உருண்டையாகவே நிற்கும், காம்பு ஒடியாமல் வளையும். வீக்க அமுக்கம் போய்விட்டது என்பதற்குக் கையே சாட்சி. விறைப்பாக இருக்கும்போதே உருட்டினால் இலை முறுகாமல் துண்டு துண்டாக நொறுங்கும்.

சிவப்பது வேறு விடயம். தேயிலையின் பொலிபீனோல்கள் புன்வெற்றிடத்தில் இருக்கின்றன, அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் அதற்கு வெளியே இருக்கிறது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது மென்சவ்வு. கொழுந்தைச் சாக்கில் மிதித்துத் திணித்தாலோ, வெயிலில் அடுக்கி வைத்து உள்ளே சூடேறவிட்டாலோ அந்த மென்சவ்வு சிதைந்து, உருட்டும் இயந்திரத்தில் நடக்க வேண்டியது சாக்குக்குள்ளேயே நடந்துவிடும். லொறி வந்ததும் சாக்கின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அந்தச் சாக்கை முதலில் அவிழ்த்து மெல்லிய படையாகப் பரப்ப வேண்டும்.

நானுஓயா, வாசகி: ஸ்ட்ரோபெரி இலையின் ஒவ்வொரு பல்நுனியிலும் விடியற்காலை ஒரு துளி நிற்கிறது. பனித்துளிதானே?

பனித்துளி என்றால் இலை முழுவதும் படிந்திருக்கும். பல்நுனியில் மட்டும் வரிசையாக நிற்பது கசிவு. இரவில் வேர்க் கலங்கள் உப்புகளைக் காழுக்குள் தள்ள, நீர் பிரசாரணத்தால் அவற்றைத் தொடர்ந்து போகிறது. ஆவியுயிர்ப்பு இல்லாத நேரமாகையால் அந்த வேரமுக்கம் நீரை நரம்பு முடியும் சிறு துளைகள் வழியே வெளியே தள்ளுகிறது. துளி காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது நீரோடு வந்த உப்பு. நிறையத் தெரிந்தால் உரத்தைக் கொஞ்சம் குறையுங்கள்.